நீர்வடிப்பகுதி அறிவியல்: என்ன படிப்பு இது, எங்கே படிக்கலாம், வேலை கிடைக்குமா?

2024 மார்ச் மாதம் பெங்களூருவில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் டேங்கர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் பேச்சு. நகரில் இருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையா அப்போது தெரிவித்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2019 ஜூனில், சென்னையிலும் இதே கதைதான். பழைய மகாபலிபுரம் சாலையில் சில ஐ.டி. நிறுவனங்கள் தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே சென்னையை 2015 டிசம்பரில் வெள்ளம் மூழ்கடித்திருந்தது.

ஒரே ஊரில் நான்கு ஆண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் வருவது எப்படி? மழை குறைந்தது, கூடியது என்பது பாதி பதில்தான். பெய்த மழை எங்கே போனது, எவ்வளவு வேகமாகப் போனது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது மீதிப் பதில். அந்த மீதிப் பதிலைத் தேடுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நீர்வடிப்பகுதி என்றால் என்ன?

உங்கள் வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் எங்கே மழை விழுந்தாலும் சரிவு வழியாக ஓடி ஒரு மூலையில் இருக்கும் குழாய்க்கு வந்து சேரும். அந்தக் குழாயைப் பொறுத்தவரை மாடி முழுவதும் ஒரு நீர்வடிப்பகுதி. நிலத்திலும் இதே கணக்குதான். ஓடையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டால், எந்தெந்த நிலத்தில் விழும் மழை அந்த இடத்துக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் அந்த இடத்தின் நீர்வடிப்பகுதி. அதன் எல்லை என்பது சுற்றியிருக்கும் மேடு. மேட்டின் இந்தப் பக்கம் விழுந்தால் இந்த ஓடை, அந்தப் பக்கம் விழுந்தால் வேறு ஓடை.

அளவு எதுவாகவும் இருக்கலாம். காவிரி ஆற்றுப் படுகை 81,155 சதுர கிலோமீட்டர். இந்திய அரசின் திட்டங்களில் 'குறு நீர்வடிப்பகுதி' என்று சொல்வது சுமார் 500 ஹெக்டேர், அதாவது ஒரு கிராமம் அளவுக்கு. மாவட்ட எல்லை, தாலுகா எல்லை, பட்டா எல்லை எதுவும் இதற்குப் பொருந்தாது. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடுகிறது, நிர்வாகம் எல்லைக்கல்லைப் பார்த்து ஓடுகிறது.

இந்தத் துறையின் முதல் பாடம் ரொம்ப எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,200 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை. பெருக்கினால் 1.55 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், 12,000 லிட்டர் லாரி பத்து லாரிக்குத் தண்ணீர் உங்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. நிலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்காது, அதனால்தான் அதைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

மழைநீர் நிலத்தில் விழுந்ததும் அதற்கு மூன்று வழிகள்தான். மேலே வழிந்து ஓடலாம். மண்ணுக்குள் இறங்கலாம். வெயிலிலும் செடிகள் வழியாகவும் ஆவியாகத் திரும்பிப் போகலாம். எந்த வழியில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடுவதுதான் நீரியல். சீரான தண்ணீர்க் கணக்கு கையில் இருந்தால்தான் தடுப்பணை எங்கே கட்டலாம், எந்தப் பயிர் தாங்கும், குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பேச முடியும்.

மாணவர்கள் ஆரம்பத்திலேயே சந்திக்கும் ஒரு கருவி 'கர்வ் நம்பர்' முறை. அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு 1950-களில் உருவாக்கியது, இன்றும் இந்தியப் பொறியாளர்கள் அன்றாடம் பயன்படுத்துவது. நிலத்துக்கு 100-க்குள் ஓர் எண் கொடுப்பார்கள். தண்ணீரை நன்றாக உறிஞ்சும் நிலத்துக்குக் குறைந்த எண், கான்கிரீட் தரைக்கு 98.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்கிறது. நிலத்தின் எண் 70 என்றால், சூத்திரத்தின்படி வழிந்தோடும் நீர் சுமார் 33 மி.மீ. அதே நிலத்தில் மனைப்பிரிவு போட்டு, சாலை போட்டு, வீடு கட்டி எண் 90-க்கு ஏறிவிட்டால் வழிந்தோடுவது சுமார் 73 மி.மீ. ஒரு ஹெக்டேருக்கு முன்பு 3.3 லட்சம் லிட்டர் ஓடியது, இப்போது 7.3 லட்சம் லிட்டர். மழை கூடவே இல்லை, நிலம்தான் மாறியிருக்கிறது. கூடுதலாக ஓடும் அந்த 4 லட்சம் லிட்டர் மழைக்காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறது. அது நிலத்துக்குள் இறங்காமல் போனதால் கோடையில் இன்னொருவர் கிணறு வறள்கிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதற்கு மேல் பாடங்கள் பல திசைகளில் விரியும். மண் அரிப்பு, நிலத்தடி நீரோட்டம், பாறை அமைப்பு, செயற்கைக்கோள் படங்கள், புவியியல் தகவல் முறைமை, புள்ளியியல், நீர்ச் சட்டம், பாசனப் பொருளாதாரம். மென்பொருளில் க்யூஜிஐஎஸ், ஹெக்-ராஸ், ஸ்வாட், மாட்ஃப்ளோ போன்றவை அடிபடும். நான்குமே இலவசமாகக் கிடைப்பவை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கணக்கு அறவே பிடிக்காது என்றால் பொறியியல் பிரிவு கஷ்டம்தான். ஆனால் கொள்கை, நிர்வாகம் சார்ந்த பிரிவுகளும் உண்டு.

ஆறு ஏன் வறண்டது? ஒரு துப்பறியும் கதை

இந்தப் படிப்பின் அருமையைப் பெங்களூருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே திப்பகொண்டனஹள்ளியில் 1930-களில் ஓர் அணை கட்டினார்கள். காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் பெங்களூருவின் குடிநீருக்குப் பெரிய ஆதாரம் அதுதான். காலப்போக்கில் அணைக்கு வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. மழை குறைந்துவிட்டது என்றார்கள் சிலர். தைல மரங்கள் உறிஞ்சிவிட்டன என்றார்கள் சிலர். மேலே தடுப்பணை கட்டி மறித்துவிட்டார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சிவிட்டார்கள் என்று இன்னும் சிலர். எல்லாமே டீக்கடையில் சொல்லக்கூடிய காரணங்கள்தான். எது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, 2015-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மழை அளவிலும் வெப்பநிலையிலும் ஆற்றையே வறள வைக்கும் அளவுக்கு மாற்றம் இல்லை. முக்கியக் காரணங்களாக அவர்கள் கண்டது நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதும் தைல மரத் தோப்புகள் பெருகியதும். ஓடைகளில் போடப்பட்ட தடுப்புகளுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காரணம் மாறினால் மருந்து மாறும். மழைதான் காரணம் என்றால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும். நிலத்தடி நீர் காரணம் என்றால், ஓடையில் ஆக்கிரமிப்பை அகற்றுவதோ, தூர்வாருவதோ, மேலும் சில தடுப்பணைகள் கட்டுவதோ ஆற்றைத் திரும்பக் கொண்டுவராது. யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற சங்கடமான பேச்சுக்குத்தான் வந்தாக வேண்டும். தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நமக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

தைல மரம் பற்றி நம் பக்கத்திலேயே பழைய ஆதாரம் ஒன்று இருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் அருகே, பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய நீர்வடிப்பகுதிகளை மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் தேர்ந்தெடுத்தது. ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு, இன்னொன்றில் 1972-ல் ஒரு பகுதியில் தைல மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் ஓடிவரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி தழைத்த அடுத்த சுற்றில் குறைவு இன்னும் அதிகம். இப்படி இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு அளப்பது இந்த அறிவியலின் பழைய, நம்பகமான உத்தி. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பதிலுக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

மண்ணும் தண்ணீரும் மட்டும் போதாது

சண்டிகர் சுக்னா ஏரி 1958-ல் உருவாக்கப்பட்டது. 1970-களுக்குள் அதன் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டல் நிரப்பிவிட்டது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன மண் பாதுகாப்பு விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா, சிவாலிக் மலையடிவாரத்தில் சுகோமாஜ்ரி என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மேய்ச்சலால் மொட்டையான குன்றுகள், மழை பெய்தால் மண் அப்படியே கீழே. நகரத்து ஏரியைக் காப்பாற்ற மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று ஏழைகளிடம் சொன்னால் ஏன் கேட்பார்கள்?

வழி வேறு விதமாகக் கிடைத்தது. கிராமத்துக்கே சிறிய மண் அணைகள் கட்டி, மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்குக் கொடுத்தார்கள். மலையில் ஆடுமாடு ஏறினால் வண்டல் வந்து தங்கள் அணையே தூர்ந்துவிடும் என்பது மக்களுக்குப் புரிந்ததும் மேய்ச்சலைத் தாங்களே கட்டுப்படுத்தினார்கள். முள்வேலி போடவில்லை, காவலாளி வைக்கவில்லை. இதைத்தான் 'சமூக வேலி' என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இன்னொன்று இதைவிட முக்கியம்: அணைத் தண்ணீரில் நிலமில்லாத குடும்பங்களுக்கும் பங்கு என்று முடிவானது. வேண்டாதவர்கள் தங்கள் பங்கை விற்கலாம்.

இந்தப் பங்கு விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொதுவாகத் தடுப்பணை கட்டினால் யாருக்கு லாபம்? பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு. மேட்டு நிலத்துக்காரருக்கு வரப்புதான் மிச்சம், நிலமே இல்லாதவருக்குக் கட்டுமான நாட்களின் கூலி மட்டும். ஓடையோர நிலம் யார் கையில் இருக்கிறது, மேட்டுப் புறம்போக்கை நம்பி ஆடு மேய்ப்பவர் யார் என்று எந்த ஊரிலும் போய்ப் பாருங்கள், சாதியும் அங்கே தெரியும். நீர்வடிப்பகுதி மேலாண்மையில் சமூகவியலையும் சேர்த்துப் படிக்க வைப்பது இதனால்தான். தண்ணீரைச் சேமிப்பது பொறியியல். சேமித்ததை யார் எடுப்பது என்பது வேறு பாடம், அதில் தேர்ச்சி பெறாத திட்டங்கள் நம் நாட்டில் ஏராளம்.

அரசுத் திட்டங்கள் எப்படி மாறின?

1973-74-ல் வறட்சிப் பகுதித் திட்டம் தொடங்கியது. 1994-ல் ஹனுமந்த ராவ் குழு, பணத்தைத் தனித்தனிப் பணிகளாகச் செலவிடாமல் நீர்வடிப்பகுதி வாரியாக, மக்கள் பங்கேற்போடு செலவிட வேண்டும் என்றது. அடுத்து பார்த்தசாரதி குழு, 2008-ல் பொது வழிகாட்டு நெறிமுறைகள், 2009-10-ல் ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம். இப்போது அது பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் ஓர் அங்கம். 2021-22-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 49.5 லட்சம் ஹெக்டேர் இலக்கு வைத்து, மத்திய அரசின் பங்காக ரூ.8,134 கோடி ஒதுக்கினார்கள். சமவெளியில் ஹெக்டேருக்கு ரூ.22,000, மலைப்பகுதிக்கு ரூ.28,000 வரை.

இந்த வரலாற்றில் படிப்பு தேடுபவருக்குப் பயன்படும் ஒரு வரி உண்டு. 2008 நெறிமுறைகளின்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக் குழு வேண்டும். அதில் வேளாண்மை, மண்ணியல், நீர் மேலாண்மை, சமூக ஒருங்கிணைப்பு தெரிந்தவர்கள் குறைந்தது நான்கு பேர், அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். வெறும் சிவில் பொறியாளரை மட்டும் வைத்து இதை நடத்த முடியாது என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

நிலத்தடி நீருக்கு 2019 டிசம்பரில் அடல் பூஜல் யோஜனா வந்தது. ரூ.6,000 கோடி, ஏழு மாநிலங்கள். அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. நாடு முழுவதும் 2023-ல் எடுத்த கணக்கீட்டில், 6,553 மதிப்பீட்டு அலகுகளில் 736 அலகுகள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தன. அவற்றில் தமிழ்நாட்டு அலகுகளும் கணிசம்.

சரி, எங்கே படிக்கலாம்?

பட்டியலைத் தொடங்க வேண்டிய இடம் ரூர்க்கி. கங்கைக் கால்வாய் வெட்டப் பொறியாளர்கள் தேவைப்பட்டதால் 1847-ல் தொடங்கப்பட்ட கல்லூரிதான் இன்றைய ஐஐடி ரூர்க்கி. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் பொறியாளர்களுக்கும் பயிற்சி தரும் நீர்வள மையம் அங்கே 1955-ல் வந்தது. யுனெஸ்கோ ஆதரவோடு நீரியல் படிப்பு 1972-ல் ஆரம்பமானது. இன்று நீரியலுக்கு ஒரு துறை, நீர்வள மேம்பாட்டுக்கு ஒரு துறை என இரண்டு தனித் துறைகள். தேசிய நீரியல் நிறுவனமும் அதே ஊரில், 1978 முதல். இவ்வளவும் ஒரே ஊரில் இருப்பதால், அங்கே படிப்பவருக்கு வகுப்புக்கு வெளியேயும் கற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம். நீரியல், ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை, பாசன நீர் மேலாண்மை ஆகியவற்றில் முதுநிலைப் பொறியியல் படிப்புகளை நடத்தி வந்திருக்கும் இடம் அது. ஐஐடி மெட்ராஸில் சிவில் துறையில் நீர்வளப் பொறியியல் பிரிவு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரிகள் கோயம்புத்தூரிலும் திருச்சி குமுளூரிலும் இருக்கின்றன. அங்கே இளநிலையில் வேளாண் பொறியியல் படித்து, முதுநிலையில் மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் எடுக்கலாம். நீர்வடிப்பகுதி என்ற சொல்லுக்கு உண்மையில் மிக நெருக்கமான படிப்பு இதுதான். 'நீர்வளம்' என்று பெயர் இருக்கும் படிப்புகள் பல அணை, கால்வாய் வடிவமைப்பில் நிற்கும். 'மண், நீர்ப் பாதுகாப்பு' என்று இருந்தால் வயலுக்குள் இறங்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல், பாடத்திட்டத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஐஐடி கரக்பூரின் வேளாண் பொறியியல் துறை, என்ஐடி சூரத்கல், கேரளத்தில் தவனூர் வேளாண் பொறியியல் கல்லூரி ஆகியவையும் பார்க்க வேண்டியவை. ஐஐடி பாம்பேயின் சிடாரா மையம் கொஞ்சம் வித்தியாசம். மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி அங்கிருந்து பிரச்சினையை எடுத்துவரச் சொல்லும் இடம். மகாராஷ்டிர அரசின் பருவநிலை வேளாண் திட்டத்துக்காகக் கிராமத் தண்ணீர்க் கணக்கு முறையை உருவாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

பொறியியல் பட்டம் இல்லையா? கதவு மூடவில்லை. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் நீர்க் கொள்கை, நிர்வாகம் முதுகலைப் படிப்பு, டெல்லியில் டெரி பல்கலைக்கழகத்தின் நீர் சார்ந்த படிப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் படித்தவர்கள் நுழையக்கூடிய வழிகள் இவற்றில் உண்டு. புவியியல், நிலவியல் பட்டதாரிகளுக்கு நிலத்தடி நீரியல் இயல்பான அடுத்த படி. ஒவ்வோர் ஆண்டும் இடங்களும் தகுதிகளும் மாறும், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ. தொலைநிலையில் நீர்வடிப்பகுதி மேலாண்மையில் டிப்ளமோ, நீர் சேகரிப்பில் சான்றிதழ்ப் படிப்பு என இரண்டையும் அது உருவாக்கியிருக்கிறது. பெரிய பட்டம் இல்லை, ஆனால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று அதிகச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வசதி. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் நீர்வடிப்பகுதி மேலாண்மை வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

"படிச்சிட்டு என்ன வேலை?"

வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நேர்மையான பதில்: வேலை இருக்கிறது, ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக வந்து நிற்கும் வேலை இல்லை.

அரசுப் பணியில் பாதைகள் தெளிவாக இருக்கின்றன. சிவில் பொறியாளர்கள் யுபிஎஸ்சியின் பொறியியல் பணித் தேர்வு மூலம் மத்திய நீர் பொறியியல் பணிக்குப் போகலாம், அங்கிருந்துதான் மத்திய நீர் ஆணையத்துக்கு ஆட்கள். நிலவியல் படித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி பணி. வேளாண் பொறியியல் துறையினருக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானி தேர்வில் நில, நீர் மேலாண்மைப் பொறியியல் தனிப் பிரிவாகவே உண்டு. தமிழ்நாட்டில் 2021-ல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. அதற்கும் வேளாண் பொறியியல் துறைக்கும் டிஎன்பிஎஸ்சி. எல்லாமே போட்டித் தேர்வுகள், இடங்கள் குறைவு, காத்திருக்கும் காலம் நீளம்.

தொண்டு நிறுவனங்கள், ஆய்வு அமைப்புகள் இன்னொரு உலகம். புனேயில் வாட்டர், அக்வாடாம், மத்தியப் பிரதேசத்தில் சமாஜ் பிரகதி சஹயோக், மதுரையில் கண்மாய்ப் பாசனத்தில் நீண்ட அனுபவமுள்ள தானம் அறக்கட்டளை, பெங்களூருவில் ஏட்ரீ, வெல் லேப்ஸ். துறையை நிஜமாகக் கற்றுக்கொள்ள இவற்றைப் போல இடம் இல்லை. ஐ.டி. சம்பளத்திலிருந்து வருபவர்கள் மாத வருமானம் இறங்கும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசின் நீர்வடிப்பகுதித் திட்டக் குழுக்களில் இருப்பவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மனைவியோ கணவனோ, வீட்டுக் கடனோ இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

தனியார் துறையில் சமீபத்தில் ஒரு மாற்றம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு வெளியேற்றினோம் என்பதும் அதில் வரும். அறிக்கை எழுத, தணிக்கை செய்ய, தண்ணீர்க் கணக்கு தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆலோசனை நிறுவனங்களில் வாய்ப்பு கூடியிருப்பது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலை ஓர் ஏரிப் பகுதியில் தண்ணீர் எடுத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் குளம் வெட்டி 'எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டோம்' என்று அறிக்கையில் காட்டுவது நடக்கக்கூடியது. இரண்டும் வெவ்வேறு நீர்வடிப்பகுதி. தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிணற்றுக்கு அந்தக் குளத்தால் ஒரு சொட்டும் வராது. இதைக் கேட்கத் தெரிந்தவராக அந்த மேசையில் உட்காருவதும் இந்தப் படிப்பின் ஒரு பயன், சம்பளம் தருபவருக்கு அது பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

ஐ.டி.யில் இருப்பவர்கள் மாற முடியுமா?

முடியும், எதிர்பார்ப்பதைவிடச் சுலபமாக. பைத்தான், தரவுத்தளம், வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் நல்ல பற்றாக்குறை. மழைமானி, கிணற்று நீர்மட்டம், செயற்கைக்கோள் படம் எனத் தரவு வந்து குவிகிறது. சுத்தம் செய்து, சரிபார்த்து, மாதிரியில் ஏற்ற ஆள் வேண்டும். இந்திய நீர்வளத் தகவல் தளத்தில் பொதுமக்களுக்கான தரவுகள் நிறைய உண்டு.

ஆனால் கணினித் திரையிலேயே நின்றுவிட்டால் பிழை வரும். செயற்கைக்கோள் படத்தில் குளம் என்று தெரிவது மண்மேடாக இருக்கும், வரைபடத்தில் ஓடை என்று இருப்பது மேலே சாலையாகியிருக்கும். கலங்கலை யாரோ ஒரு அடி உயர்த்திக் கட்டியிருப்பார்கள், மதகு உடைந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். கிராமத்தில் ஒரு வயதானவரோடு கண்மாய்க் கரையில் அரை நாள் நடந்தால் கிடைக்கும் தகவல் எந்தத் தளத்திலும் இல்லை.

வேலையை விடுவதற்கு முன் ஒரு பயிற்சி. உங்கள் சொந்த ஊரையோ, இப்போது குடியிருக்கும் பகுதியையோ எடுத்துக்கொள்ளுங்கள். இலவச உயர வரைபடத்தை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, உங்கள் தெரு எந்த ஏரியின் நீர்வடிப்பகுதியில் வருகிறது என்று வரைந்து பாருங்கள். பிறகு மழை பெய்யும்போது வெளியே போய், தண்ணீர் நிஜமாகவே அந்தத் திசையில்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எங்காவது ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதில் இரண்டு மூன்று வார இறுதிகள் ஆர்வமாகக் கழிந்தால், உங்களுக்கு இந்தப் படிப்பு சரிவரும்.

பொறியியல் வழி என்றால் கேட் தேர்வு. சிவில், வேளாண் பொறியியல், சுற்றுச்சூழல் அறிவியல் பொறியியல், நிலவியல் என எந்தத் தாளை எழுதலாம் என்பது உங்கள் பட்டத்தையும் சேரவிருக்கும் நிறுவனத்தையும் பொறுத்தது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. தேர்வு பிப்ரவரியில், வகுப்புகள் ஜூலை வாக்கில். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் கடைசியிலேயே திறந்துவிடும் என்பதால், அடுத்த ஆண்டு வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் முடிவை இந்த ஆண்டு செப்டம்பருக்குள் எடுத்தாக வேண்டும்.